கேஸ் எங்கே போகும்?

சித்திரை பிறந்து பத்து நாள் ஆனால் போதும், எங்கள் பட்டறை வாசலில் கார்கள் நிற்க ஆரம்பித்துவிடும். விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் சாலையில், கம்மாபுரத்தில் இருக்கிறது பட்டறை. வருகிறவர் கதவைத் திறந்து இறங்குவதற்குள்ளேயே சொல்லிவிடுவார்: "ஏசியில கேஸ் இல்லீங்க, அடிச்சி விட்டுடுங்க." நோயையும் அவரே முடிவுசெய்து, மருந்தையும் அவரே சொல்லியாகிவிட்டது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒவ்வொரு கோடையிலும் யாரோ ஒருவர் அவருடைய காருக்கு கேஸ் அடித்துக் காசு வாங்கி, இது வருஷா வருஷம் செய்ய வேண்டிய சடங்கு என்று நம்ப வைத்திருக்கிறார்.

கார் ஏசியில் இருக்கும் கேஸ் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. பெட்ரோலைப் போல எரிவதில்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகி, ஆவியாகி, மறுபடி திரவமாகிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அளவு குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ வெளியேற வழி கிடைத்திருக்கிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் பல வருஷத்தில் கொஞ்சம் கசியும்தான். ஆனால் ஒரே கோடையில் காலியாகிற கேஸை அந்தக் கணக்கில் எழுத முடியாது. ஓட்டையைத் தேடாமல் மேலே மேலே அடித்துக்கொண்டிருப்பதை என்னால் வேலை என்று ஒப்புக்கொள்ள முடிந்ததே இல்லை. அதைவிட முக்கியம், குளிர் வராததற்கு கேஸ் குறைவு பல காரணங்களில் ஒன்றுதான். மே மாதத்து மதியத்தில் இங்கே வருகிற கார்களில், கேஸ் சரியாக இருந்தும் குளிராதவை ஏராளம்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் மந்தாரக்குப்பத்தில் பட்டறை வைத்திருந்த ஓர் அண்ணன். 1990களின் கடைசியில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏசி கார் என்றால் நெய்வேலி டவுன்ஷிப்பில்தான் அதிகம் பார்க்கலாம். அம்பாஸடர்களில் டேஷ்போர்டுக்குக் கீழே தனிப்பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டு அதற்குள் கூலிங் காயிலை வைத்திருப்பார்கள். மாருதி 800-இல் ஏசி போட்டால் அந்தச் சின்ன இன்ஜின் மேடு ஏறத் திணறும். அண்ணன் பெரிய படிப்பெல்லாம் படித்தவர் அல்ல. கடலூர் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் ஃபேக்டரியில் அமோனியா கம்ப்ரஸர் ஓட்டிப் பழகி, பிறகு கார் பக்கம் வந்தவர். அமோனியா கசிந்தால் மூக்கே சொல்லிவிடும், கார் கேஸுக்கு வாசனை கிடையாது, அதனால் இங்கே மூளையைத்தான் நம்ப வேண்டும் என்பார்.

அவருடைய முதல் விதி: வெயில் தாழ்ந்த பிறகு ஏசியைச் சோதிக்கக் கூடாது. "சாயங்காலம் எல்லா ஏசியும் நல்ல ஏசிதான்டா தம்பி. ரெண்டு மணிக்கு வெயில்ல போட்டுப் பாரு, எது யோக்கியம்னு தெரியும்." காலையில் வந்த வண்டியை வேண்டுமென்றே மதியம்வரை திறந்த வெளியில் நிறுத்திவைப்பார். வண்டிக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அவர் அசைய மாட்டார்.

அதற்குக் காரணம் உண்டு. ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. காருக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. மண்பானையின் உடம்பில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது அல்லவா, கூலிங் காயிலுக்குள் கேஸ் ஆவியாகும்போது நடப்பதும் அதுதான். பானை நீர் காற்றோடு போய்விடும். காரில் அந்த ஆவியைப் பிடித்து, கம்ப்ரஸரால் அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சரில் சூட்டை இறக்கி, திரும்பத் திரவமாக்க வேண்டும். வெளிக்காற்று 40 டிகிரி என்றால், கண்டன்சருக்குள் கேஸ் 55, 60 டிகிரியில் இருந்தால்தான் சூடு வெளியே போகும். நம்மூர்க் கார்களில் பெரும்பாலும் இருக்கிற ஆர்-134ஏ கேஸ் 60 டிகிரியில் திரவமாக ஏறக்குறைய 230 பவுண்டு அழுத்தம் வேண்டும். அந்தியில் காற்று 30 டிகிரிக்கு இறங்கிவிட்டால் 150 பவுண்டுக்குப் பக்கத்திலேயே காரியம் முடிந்துவிடும். தேய்ந்த கம்ப்ரஸரும் அழுக்கேறிய கண்டன்சரும் அந்தப் பாரத்தை இழுத்துவிடும். உச்சி வெயிலின் பாரத்தை இழுக்காது.

அண்ணனின் பட்டறையிலிருந்து பார்த்தால் நெய்வேலி அனல் மின் நிலையத்தின் குளிரூட்டும் கோபுரங்கள் தெரியும். அதைக் காட்டித்தான் எனக்குக் கண்டன்சர் பாடம் நடத்தினார். "அங்கயும் இதே பாடுதான். நிலக்கரிய எரிச்சு, நீராவியில மிஷின் சுத்தி, அந்த ஆவிய மறுபடி தண்ணியாக்கணும். சூட்டக் கொண்டுபோய்க் கொட்ட எடம் வேணும். எடம் இல்லன்னா அவ்ளோ பெரிய மிஷினும் நின்னுடும்." 1962-இல் சோவியத் உதவியோடு மின்சாரம் எடுக்க ஆரம்பித்த ஊரில், கார் ஏசி பழகுகிற பையனுக்கு அதைவிடப் பெரிய பாடப்புத்தகம் எங்கே கிடைக்கும்?

ஏசி மெக்கானிக்கின் கையில் எப்போதும் இருப்பது இரட்டை கேஜ். நீல ஹோஸ் தடித்த குழாயில், அதாவது கூலிங் காயிலிலிருந்து ஆவி திரும்பி வரும் பக்கம். சிவப்பு ஹோஸ் மெல்லிய குழாயில், அழுத்தம் ஏறிய பக்கம். இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இன்ஜினை அணைத்துவிட்டு கேஜ் மாட்டினால் இரண்டு முள்ளும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். 30 டிகிரியில் 97 பவுண்டு, 35 டிகிரியில் 114 பவுண்டு. வெயிலில் நின்ற காரில் இதைப் பார்த்து "கேஸ் நிறைய இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும்வரை அந்த எண் மாறாது. அரைக் கிலோ இருந்தாலும் கால் கிலோ இருந்தாலும் அதே 114தான். அது கேஸின் அளவைச் சொல்லவில்லை, அன்றைய வெயிலைத்தான் சொல்கிறது. முள் பேச வேண்டுமானால் கம்ப்ரஸர் ஓட வேண்டும்.

ஓடும்போது நீல முள் 30, 35 பவுண்டில் நிதானமாக நின்று, சிவப்பு முள் வெயிலுக்கேற்ப 220 முதல் 260 வரை இருந்தால் வண்டி நலம். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. நீலம் உயர்ந்து சிவப்பு தாழ்ந்து, இரண்டும் நெருங்கி நின்றால் கம்ப்ரஸர் அழுத்தவில்லை. இரண்டுமே உயர்ந்திருந்தால் சூடு வெளியே போகவில்லை, அல்லது யாரோ தேவைக்கு மேல் அடித்துவைத்திருக்கிறார்கள். ஆனால் கேஜ் மாட்டுவதற்கு முன்னால் கையை வைக்கச் சொல்வார் அண்ணன். தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருக்க வேண்டும். கண்டன்சருக்குள் போகும் குழாயில் விரல் நிற்கக் கூடாது. வெளியே வருகிற குழாய் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் டிரையருக்கு இந்தப் பக்கம் சூடு, அந்தப் பக்கம் சில் என்றால் டிரையர் அடைத்திருக்கிறது. காருக்கு அடியிலும் பார்க்க வேண்டும். கடற்காற்றின் ஈரம் எட்டுகிற மாவட்டம் நம்முடையது. நன்றாக வேலை செய்யும் ஏசி வைகாசி மதியத்தில் தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டே தீரும். சொட்டவில்லை, ஆனால் முன்சீட்டுக் காலடி விரிப்பு நனைந்திருக்கிறது என்றால், அந்தத் தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கிறது.

இந்த ஊருக்கென்று சில கோளாறுகள் உண்டு. நெய்வேலிச் சுரங்கத்து மண்ணும் கரித்தூளும் சாம்பலும் லாரிச் சாலைகளில் பறக்கும். அதோடு பங்குனி, சித்திரையில் உளுந்தையும் எள்ளையும் சாலையில் பரப்பிப்போட்டு, போகிற வண்டிகள் ஏறி உதிரட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதன் மேல் ஓடும் ஒவ்வொரு காரும் பொட்டையும் சருகையும் மூக்கால் உறிஞ்சிக்கொண்டு போகும்.

கார்மாங்குடிப் பக்கமிருந்து ஒரு நெல் வியாபாரி வந்தார். சாலையில் ஓடும்போது குளிர்கிறது, ரயில்வே கேட்டில் நின்றால் சூடாகிவிடுகிறது என்றார். அதற்கு முந்தைய வாரம்தான் வேறோர் ஊரில் கேஸ் அடித்திருந்தார்கள். "ஓடினால் குளிர், நின்றால் சூடு" என்று ஒருவர் சொன்னதுமே பார்வை கண்டன்சருக்குப் போய்விட வேண்டும். ஓடும் வண்டியில் காற்று தானாக அதன் மேல் மோதும். நிற்கும் வண்டிக்கு ஃபேன்தான் கதி. கேஜ் மாட்டி, இன்ஜினை ஐடிலில் விட்டேன். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சிவப்பு முள் 260 தாண்டி, 300 தாண்டி, 350-ஐயும் கடந்து ஏறியது. கம்ப்ரஸர் முனக ஆரம்பித்தது. இன்னும் ஏறினால் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை அணைத்துவிடும். அவருக்கு ரயில்வே கேட்டில் நடந்தது அதுதான்.

போர் தண்ணீரை வாளியில் பிடித்து, குவளையால் மொண்டு கண்டன்சரின் மேல் மட்டும் மெதுவாக ஊற்றினேன். இந்தத் தொழிலில் இதைவிட மலிவான சோதனை கிடையாது. இதைவிட உண்மையானதும் கிடையாது. தண்ணீர் பட்ட கொஞ்ச நேரத்தில் முள் இறங்கியது. 300, 270, 240. உள்ளே உட்கார்ந்திருந்த வியாபாரி கண்ணாடியை இறக்கி, "வந்துடுச்சுங்க, வந்துடுச்சு!" என்று கத்தினார். தண்ணீரை நிறுத்தியதும் முள் மறுபடி ஏறியது. கேஸும் கம்ப்ரஸரும் வால்வும் சரி, சூடு வெளியேறும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

முன்பக்கமிருந்து பார்த்தால் கண்டன்சர் துடைத்து வைத்தது போலிருந்தது. வாட்டர் சர்வீஸில் எல்லோரும் முன்பக்கம்தானே அடிக்கிறார்கள்? பம்பரைக் கழற்றி, கண்டன்சரைப் பிடித்திருந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்தேன். உளுந்துப் பொட்டு, எள் சருகு, புழுதி, செத்த பூச்சிகள் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டி, தடித்த கம்பளம் விரித்த மாதிரி படிந்திருந்தது. பின்பக்கமிருந்து முன்பக்கமாக, ஹோஸ் தண்ணீரை வேகமில்லாமல் விட்டுக் கழுவ வேண்டும். வேகமாக அடித்தால் காகிதம் போன்ற அலுமினியத் தகடுகள் மடங்கி, அடைப்பு நிரந்தரமாகிவிடும். கழுவி மாட்டியபின் அதே வெயிலில், அதே ஐடிலில் முள் 245-இல் நின்றது. முந்தைய வாரம் கூடுதலாக அடித்திருந்த கேஸை அதற்கப்புறம்தான் வெளியே எடுத்து, எடை போட்டு, வண்டிக்கு உரிய அளவை மட்டும் ஏற்றினேன். அந்தக் கூடுதல் கேஸும் சேர்ந்துதான் கம்ப்ரஸரை முனக வைத்திருந்தது.

இதைவிடச் சிக்கலான புகார் வேறொன்று. "அரைமணி நேரம் நல்லா குளிருது, அப்புறம் போயிடுது." ஒரே வாக்கியம்தான், அதன் பின்னால் மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். பொறுமையாகக் கேள்வி கேட்காத மெக்கானிக் இங்கேதான் வண்டிக்காரரின் பணத்தைக் கரைக்கிறார்.

புதுச்சேரி மருத்துவமனைக்கு டயாலிசிஸ் நோயாளி ஒருவரை வாரந்தோறும் அழைத்துப்போய் வரும் வாடகை வண்டி ஒன்று, டாடா இண்டிகா, இந்தப் புகாரோடு வந்தது. அந்த அம்மாவுக்கு வயது அறுபதுக்கு மேல். ஓட்டுகிற தம்பி உறவுக்காரன் அல்ல. இருந்தாலும் அவரைப் பற்றிப் பேசும்போது அவன் குரல் தழுதழுத்தது. "அண்ணே, விடியக்காலையில போறப்ப நல்லா குளுகுளுன்னு இருக்கு. திரும்புறது மத்தியானம். கடலூர் தாண்டினா போயிடுது. அந்தம்மா நெனச்சபடி தண்ணியும் குடிக்க முடியாது, அளவு வெச்சிருக்காங்க. டயாலிசிஸ் முடிஞ்ச உடம்பு வேற. குறிஞ்சிப்பாடி வர்றதுக்குள்ள துவண்டு சாஞ்சிடுறாங்க." வேறு கடைகளில் கேஸ் அடித்திருந்தார்கள். ஓர் இடத்தில் கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும் என்று, அவனுடைய இரண்டு மாத வருமானத்துக்கு நிகரான தொகையைச் சொல்லியிருந்தார்கள்.

"குளிர் போனப்புறம் காத்து வருதா, காத்தே கம்மியாயிடுதா?"

"காத்து நல்லா வேகமா வருது. சூடா வருது."

இந்தப் பதிலில் ஒரு கோளாறு கழிந்தது. கூலிங் காயிலின் மேல் பனி கட்டிக்கொண்டால் காற்று போக வழியிருக்காது. புளோயர் இரைந்தாலும் முகத்தில் காற்று குறையும். தெர்மோஸ்டாட் பழுதானாலோ, ஃபில்டர் அடைத்தாலோ அப்படி ஆகும். இது அது இல்லை.

மிச்சம் இரண்டு. குழாய்க்குள் ஈரம் போயிருந்தால், எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித் துவாரத்தில் அந்த ஈரம் உறைந்து வழியை அடைக்கும். சரியாக வேக்கம் போடாமல், அதாவது குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் இழுத்தெடுக்காமல், கேஸ் ஏற்றிய வண்டிகளுக்கு வரும் வியாதி இது. நிறுத்திவைத்தால் உருகி, மறுபடி கொஞ்ச நேரம் குளிரும். இன்னொன்று, கம்ப்ரஸரைப் புல்லியோடு இணைக்கும் மேக்னட் கிளட்ச். இரண்டுக்கும் வெளி அடையாளம் ஒன்றுதான். காற்று வரும், குளிர் வராது, ஓய்வு கொடுத்தால் திரும்பும். பிரித்துக் காட்டுவது நீல முள். வால்வு உறைந்தால் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், ஆவி வராது, முள் பூஜ்யத்துக்கும் கீழே போகும். கிளட்ச் விட்டுப்போனால் கம்ப்ரஸர் நின்றுவிடும், இரண்டு பக்கமும் சமமாகி, நீல முள் மேலே ஏறும். ஆனால் அதைக் கோளாறு நடக்கும் நேரத்தில்தான் பார்க்க முடியும். பட்டறை நிழலில் அந்த வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஆகவே கேஜையும் டெஸ்ட் லேம்பையும் எடுத்துக்கொண்டு உச்சி வெயிலில் அவனோடு புறப்பட்டேன். மந்தாரக்குப்பம் தாண்டி, டவுன்ஷிப் ஆர்ச்சைத் தாண்டி, வடலூர் நெருங்கும்போது காற்றின் சில் மாறியது. "இப்ப பாருங்கண்ணே" என்றான். இன்ஜினை அணைக்காதே என்று சொல்லி, ஒரு புளிய மரத்தடியில் ஓரங்கட்டச் சொன்னேன். பானட்டைத் திறந்தால் முகத்தில் அடித்த அனலில் கண் எரிந்தது. கேஜ் மாட்டினேன். நீல முள் ஏறி, சிவப்பு இறங்கி, இரண்டும் ஒன்றை ஒன்று நோக்கி வந்துகொண்டிருந்தன. கம்ப்ரஸரின் புல்லி சுற்றுகிறது. அதன் முன்னால் இருக்கும் தட்டு அசையாமல் நிற்கிறது. டெஸ்ட் லேம்பைக் கிளட்ச் ஒயரில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. மின்சாரம் வருகிறது, ஆனால் காந்தம் தட்டை இழுக்கவில்லை. சுத்தியலின் மரப்பிடியை நீட்டி, பெல்ட்டில் படாமல் பார்த்து, தட்டின் விளிம்பில் இலேசாக ஒரு தட்டு. டக் என்று ஒட்டிக்கொண்டது. நீல முள் சரசரவென்று இறங்கியது. உள்ளேயிருந்து அந்தத் தம்பி, "அண்ணே!" என்றான். வேறு வார்த்தை வரவில்லை அவனுக்கு.

கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே ஒரு சன்னமான இடைவெளி உண்டு. பெரும்பாலான கம்ப்ரஸர்களில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர். வருஷக்கணக்கில் ஒட்டி விலகி, ஒட்டி விலகித் தேயும்போது இடைவெளி அகலமாகும். அந்த வண்டியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தபோது ஒரு மில்லிமீட்டரைத் தொட்டது. காலையில் கிளட்சின் காந்தக் காயில் ஆறியிருக்கும்போது காந்தம் அந்தத் தூரத்தையும் எட்டி இழுத்துவிடும். வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் காயில் காய்ந்தால், உள்ளே இருக்கும் செம்புக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 80 டிகிரி ஏறினால் முப்பது சதவீதத்துக்கு மேல். அதே பேட்டரியிலிருந்து வரும் கரண்ட் கால் பங்கு குறையும். காந்தத்தின் இழுவை அதைவிட அதிகமாகக் குறையும். ஒருமுறை விலகிய தட்டை மறுபடி எட்டிப்பிடிக்க அதற்குத் தெம்பிருக்காது. அதனால்தான் காலையில் குளிரும், மத்தியானம் குளிராது. கேஸுக்கும் இதற்கும் துளிச் சம்பந்தமில்லை.

நடு நட்டைக் கழற்றி, தட்டை எடுத்து, அதன் அடியில் இருந்த ஷிம் வாஷர் ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினேன். இடைவெளி அரை மில்லிமீட்டருக்குள் வந்தது. ரிலேயின் முனை கறுத்திருக்கிறதா, காயில் வரை முழு வோல்ட்டும் வருகிறதா, புல்லி பேரிங் சத்தம் போடுகிறதா என்றும் பார்த்துவிட்டேன். எல்லாம் சரியாகவே இருந்தன. உதிரிப் பாகம் ஒன்றுகூட வாங்கவில்லை. அடுத்த தடவை வந்தபோது, அந்த அம்மா கடலூரிலிருந்து வீடு வரைக்கும் தூங்கிக்கொண்டே வந்தார் என்று சொன்னான். குளிர்சாதனத்தை வசதி என்றும் ஆடம்பரம் என்றும் பேசுகிறவர்கள் அந்த அம்மாவின் பின்சீட்டில் ஒரு மதியம் உட்கார்ந்து வர வேண்டும். கத்திரி வெயிலில் இது வைத்தியத்தின் ஒரு பகுதி. அதைப் பழுது பார்க்கிறவர் அந்த அக்கறையோடு பார்க்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில் தவறில்லை.

கேஸ் உண்மையிலேயே குறைந்திருக்கும் வண்டிகளும் வரும். அப்போது கசிவைத் தேட வேண்டும். அண்ணனிடம் பித்தளையில் செய்த ஹாலைடு டார்ச் ஒன்று இருந்தது. சின்ன அடுப்பு மாதிரி சுடர். அதிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் நீளும். அந்தக் குழாயின் நுனியை மூட்டுக்கு மூட்டு நகர்த்திக்கொண்டே போவார். கசிவு இருந்தால் காற்றோடு கேஸ் உள்ளே இழுக்கப்பட்டு, சூடேறிய செம்புத் தகட்டில் பட்டு, நீலச் சுடர் பச்சையாக மாறும். பட்டறைக் கதவைச் சாத்தி இருட்டாக்கிவிட்டு அதைப் பார்ப்போம். பச்சை தெரிந்ததும் எங்களை வெளியே போகச் சொல்லிவிடுவார். சுடரில் வெந்த அந்தக் கேஸ் நச்சுப் புகையாகும் என்று அவருக்குத் தெரியும்.

சுடரைப் பச்சையாக்கியது, அப்போதைய கார்களில் ஓடிய ஆர்-12 கேஸில் இருந்த குளோரின். அதே குளோரின்தான் வானத்தில் ஓசோனையும் தின்றது. 1985-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மூவர் அன்டார்க்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்திருப்பதை வெளியிட்டார்கள். 1987-இல் மான்ட்ரியலில் உடன்படிக்கை ஆனது. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மந்தாரக்குப்பத்துக்கும் ஆர்-134ஏ கார்கள் வந்து சேர்ந்தன. அதில் குளோரின் இல்லை, ஆகவே டார்ச்சின் சுடர் நிறம் மாறவில்லை. அண்ணன் அந்த டார்ச்சைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரும் பிரஷும் எடுத்துக்கொண்டார். ஆயிலும் மாறியது. பழைய கேஸோடு ஓடிய மினரல் ஆயில் புதிய கேஸில் கரையாது, கம்ப்ரஸருக்குத் திரும்பி வராது. அது தெரியாமல் பழைய வண்டிகளில் புதிய கேஸை மட்டும் ஏற்றியவர்கள் எத்தனையோ கம்ப்ரஸர்களை இறுக வைத்தார்கள்.

இன்று நான் கசிவு தேடும்போது முதலில் பார்ப்பது எண்ணெய்ப் பிசுக்கு. கேஸ் வெளியேறும் இடத்தில் ஆயிலும் கொஞ்சம் வெளியேறி, நம்மூர்ப் புழுதியை ஒட்டவைத்துக்கொள்ளும். மற்ற இடத்தில் உலர்ந்த தூசி, அந்த மூட்டில் மட்டும் கறுத்த ஈரம் என்றால் பாதி வேலை முடிந்தது. அதற்கும் அகப்படாவிட்டால் நைட்ரஜன் ஏற்றி, நுரை தடவிக் காத்திருக்க வேண்டும். பிறகுதான் ஓ ரிங் மாற்றுவது, டிரையர் மாற்றுவது, அரைமணி நேரத்துக்குக் குறையாமல் வேக்கம் போட்டு, பம்ப்பை நிறுத்தி முள் நகர்கிறதா என்று பார்ப்பது, தராசில் வைத்து கேஸ் ஏற்றுவது. மார்கழியில் ஏசியே போடாமல் வைத்திருந்து சித்திரையில் போடுகிறவர்களின் கார்களில் ஷாஃப்ட் சீல் காய்ந்து கசியும். குளிர்காலத்திலும் வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம் போட்டு ஓட்டுங்கள் என்று வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பழைய கேஸை ஸ்பேனரால் திறந்து காற்றில் விட்டுவிடுவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. அந்த 'உஸ்' சத்தம் கேட்டால் எனக்கு வயிறு எரியும். ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் ஒரு கிலோ கேஸ் நூறு வருஷக் கணக்கில் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். ஒரு சின்னக் காரிலிருந்து அரைக் கிலோவைத் திறந்துவிடுவது, அந்தக் காரை 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியதற்குச் சமம். இதற்காகத்தான் 2016-இல் கிகாலியில் மறுபடி உடன்படிக்கை போட்டார்கள்; இந்தியாவும் 2021-இல் ஒப்புதல் கொடுத்தது. எடுத்த கேஸை சிலிண்டரில் பிடித்துவைக்கும் மெஷின் வாங்க எனக்குக் கடன் ஆயிற்று. அந்தக் கடனைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. மலிவு என்று சமையல் கேஸை ஏசியில் ஏற்றுகிறவர்களும் உண்டு. குளிரத்தான் செய்யும். கூலிங் காயில் காருக்குள்ளே, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. அது கசிந்து ஒரு பொறி பட்டால் குடும்பமே உள்ளே இருக்கும். அப்படி ஏற்றிய வண்டி என்று சந்தேகம் வந்தால் என் மெஷினை அதில் மாட்ட மாட்டேன். வண்டிக்காரரை உட்கார வைத்து, அதிலிருக்கும் ஆபத்தை விளக்கிய பிறகுதான் அடுத்த பேச்சு.

இப்போது பேட்டரிக் கார்களும் வர ஆரம்பித்திருக்கின்றன. அவற்றின் கம்ப்ரஸருக்கு பெல்ட் இல்லை, புல்லி இல்லை, கிளட்சும் இல்லை. மரப்பிடியால் தட்டிப் பார்க்க ஒன்றும் கிடையாது. ஆரஞ்சு நிற கேபிளில் உயிரை எடுக்கும் வோல்ட்டேஜ் ஓடுகிறது. மோட்டார் கம்ப்ரஸருக்கு உள்ளேயே, கேஸிலும் ஆயிலிலும் நனைந்தபடி சுற்றுகிறது. மற்ற கார்களுக்கு ஊற்றும் பிஏஜி ஆயில் அதற்குள் போனால் மின்காப்பு கெட்டுவிடும், பிஓஇ ஆயில்தான் ஊற்ற வேண்டும். பழைய ஹோஸில் ஒட்டியிருக்கும் ஆயில்கூட ஆகாது. அதற்கென்று தனி கேஜும் தனி ஹோஸும் வாங்கி, ஆரஞ்சு டேப் சுற்றி, வேறொரு ஆணியில் மாட்டிவைத்திருக்கிறேன். பட்டறையில் வேலை கற்கும் பையன்கள் இருவருக்கும், என்னைக் கேட்காமல் அந்த ஆணியில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். கண்டன்சரைக் கழுவ மட்டும் அவர்களுக்கு முழு அனுமதி உண்டு. எள் சருகு பேட்டரிக் காருக்குள்ளும் அதே மாதிரிதான் போய் அடைகிறது.